சவேரியாரிடம் கேட்கப்பட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில், நெற்றியில் திருநீறு பூசியிருந்த ஒரு பாட்டி, என் மெழுகுதிரியின் சுடரிலிருந்தே தன்னுடையதைப் பற்றவைத்துக்கொண்டார். உருகிய மெழுகு விரலில் பட்டபோதும் அவர் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மகள், "இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே செத்துப்போனவர்கள் எங்கே போவார்கள் அப்பா?" என்று கேட்டாள். (அந்தப் பாட்டி கேள்விப்படாதவர் அல்லர், அது வேறு கதை.)

இது பழைய கேள்வி. யப்பானில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் தம் முன்னோரின் கதியை எண்ணி அழுததை, அங்கே நற்செய்தி அறிவித்த புனித சவேரியார் 1552இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். நரகத்திலிருந்து மீட்பில்லை என்பதே அவர் அவர்களுக்குச் சொன்ன பதில். இயேசுவாலேயன்றி வேறு எவராலும் மீட்பு இல்லை என்னும் அப்போஸ்தலர் பணி 4:12ஐ முன்வைத்து இன்றும் அவ்வாறே போதிக்கும் சபைகள் உண்டு. ஆனால், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழியே அவர் திருவுளத்தை நிறைவேற்ற முயல்வோர் நிலைவாழ்வு அடையக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கற்பித்தது. திருச்சட்டம் கோருவது பிற இனத்தாரின் இதயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று உரோமையர் 2:15இல் பவுல் சொல்வதும் அதற்கு அருகில்தான் நிற்கிறது.

"அடையக்கூடும்" என்பதை "அடைவர்" என்று மகளிடம் மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. போர்த்துக்கேயர் வருமுன்னரே மாண்டுபோன எங்கள் பாட்டிமாரும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறார்கள் என்றேன்.