போன் பார்க்கும் காருக்குப் பக்கத்தில் பைக் ஓட்டுவது: நவம்பர் நாட்குறிப்பு

2025 நவம்பர் 3, திங்கள்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை வரியைப் படிக்க ஓட்டுநர் இரண்டு நொடி குனிந்தால் 33 மீட்டர் போய்விடும். எட்டுக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தக்கூடிய அந்த நீளத்தை அவர் பார்க்காமலே கடந்திருப்பார். முன்னால் இருப்பது லாரி என்றால் தகரம் நசுங்கும். பைக் என்றால் நசுங்க நம் முதுகைத் தவிர வேறெதுவும் இல்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதே அறிக்கையில் 'செல்போன் உபயோகம்' என்ற தலைப்பின் கீழ் வருவது சிறிய எண்ணிக்கைதான். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இடித்த கையோடு 'போன் பார்த்துக்கிட்டிருந்தேன் சார்' என்று ஒப்புக்கொள்பவர் யார்? எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று ஏறிவிடும், அதோடு சரி.

ஓட்டுநரைத் திருத்துவது போலீஸின் வேலை. அவர் கவனம் சாலையில் இல்லை என்பதை அவருடைய கார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கண்டுபிடித்து விலகுவது பைக் ஓட்டுபவரின் வேலை. இந்த மாதக் குறிப்புகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

நவம்பர் 5, புதன்

போன் கையில் இருக்கும் கார் எப்படி ஓடும்?

முதலில், முன்னால் காரணமே இல்லாமல் இடம் விடும். சென்னை ஓ.எம்.ஆர். மாதிரி நெரிசலான சாலையில் யாரும் தானாக இரண்டு கார் இடைவெளி விடுவதில்லை. எல்லோரும் ஒட்டிக்கொண்டு போகும்போது ஒரு கார் மட்டும் 60-லிருந்து மெல்ல 45-க்கு இறங்கி, பிறகு நினைவு வந்ததுபோல் விருட்டென்று பாய்ந்தால் உள்ளே விரல் திரையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கோட்டை நோக்கி மெதுவாகச் சரிந்து, கடைசியில் வெடுக்கென்று நடுவுக்கு வரும். தூக்கக்கலக்கத்தில் ஓட்டுபவரும் இப்படித்தான் செய்வார். நமக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது, பிரேக் விளக்கு மற்ற கார்களைவிடத் தாமதமாகவும் அழுத்தமாகவும் எரியும். இரவில் இன்னும் சுலபம்: ஓட்டுநரின் தாடையில் கீழிருந்து வெள்ளை வெளிச்சம் அடிக்கும். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலை ஹெட்ரெஸ்ட்டிலிருந்து முன்னால் விழுந்திருக்கும்.

கண்டுபிடித்த பிறகு செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: அந்தக் காரின் பக்கவாட்டில், பின்கதவுக்கு நேராக ஓட்டிக்கொண்டிருப்பது. அந்த இடம் அவருடைய மிரரிலும் தெரியாது, ஓரக்கண்ணிலும் படாது. மூன்று நொடி இடைவெளி விட்டுப் பின்தங்குங்கள். மின்கம்பம் ஒன்றைக் கார் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று எண்ணி முடித்தபின் நீங்கள் அதைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் வலப்பக்கமாக ஒரே மூச்சில் முந்திப் போய்விடுங்கள். இடப்பக்கம் வேண்டாம். செயலி பார்த்து ஆள் தேடும் வாடகைக் கார், ஆளைக் கண்டதும் இடப்பக்கம்தான் ஒடிக்கும், இண்டிகேட்டர் போடாமல்.

ஹாரனை நம்பி எதையும் செய்ய வேண்டாம். கண்ணாடி ஏற்றி, ஏசி ஓடி, பாட்டும் ஓடினால் பைக் ஹாரன் உள்ளே எறும்பு கடித்த மாதிரிதான்.

நவம்பர் 8, சனி

இன்று யு-டர்ன். இதுதான் உயிர் வாங்கும் இடம், அதனால் கொஞ்சம் நீளும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆராய்ச்சியாளர் ஹாரி ஹர்ட் குழுவினர் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழி விட்டிருக்க வேண்டிய ஓட்டுநர் குறுக்கே வந்திருந்தார். எதிரே பைக் வரும்போது இடப்பக்கம் திரும்பிய கார்தான் அதில் அடிக்கடி வருவது. அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆகவே நம் ஊரில் அது சென்டர் மீடியன் இடைவெளியில் வலப்பக்கம் வெட்டும் கார். கவனியுங்கள், அப்போது செல்போனே கிடையாது. பார்த்தும் பார்க்காமல் விடுவது மனிதக் கண்ணின் பழைய கோளாறு. போன் அதை மோசமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே? சிறிய பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தாமதமாக வந்து சேரும் என்று மூளை கணக்குப் போடுகிறது. அதே தூரத்தில் பஸ் வந்தால் நின்றிருப்பார், பைக் என்பதால் 'போயிடலாம்' என்று கிளம்புவார். அடுத்தது, நேராக நம்மை நோக்கி வரும் பைக் பின்னணியில் இடம் மாறுவதில்லை, கடைசி வரை ஒரு புள்ளி மாதிரி நின்று, கிட்டே வந்ததும் திடீரென்று பெரிதாகும். மூன்றாவது, மீடியனில் சாய்ந்து நிற்கும் காருக்கு எதிர்ப்புற வண்டிகள் இடப்பக்கமாக வருகின்றன. முன்கண்ணாடியைத் தாங்கும் இடப்பக்கத் தூண், அதையொட்டி முன்சீட்டுக்காரரின் தலை, இரண்டும் சேர்ந்து ஒரு முழு பைக்கை மறைக்கும். இந்த மூன்றுக்கும் மேல் ஒரு குறுஞ்செய்தி வந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது கணக்கு. காய்ந்த சாலை, இரண்டு பிரேக்கும் சரியாக வேலை செய்கிறது, கை பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். 60-ல் போனால் நிற்க 40 மீட்டர் வேண்டும். 45-ல் போனால் 25-26 மீட்டர் போதும். கார் 30 மீட்டர் முன்னால் குறுக்கே வந்து நின்றுவிட்டது. 60-ல் வந்தவர் பிரேக் பிடித்தும் கிட்டத்தட்ட 40 கி.மீ. வேகத்தில் கதவில் மோதுவார். 45-ல் வந்தவர் நாலு மீட்டர் தள்ளியே நின்றிருப்பார். மீடியன் இடைவெளி கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரை விட்டு 45-க்கு இறங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இறங்கும்போதே இரண்டு விரலை முன் பிரேக் லிவர் மேல் வையுங்கள். அரை நொடி மிச்சமானால் 45-ல் ஆறு மீட்டர் கிடைக்கும். லேனுக்குள்ளேயே இடமிருந்து வலமாக ஒருமுறை மெல்ல நகருங்கள், அப்போதுதான் பின்னணியில் நம் முன்விளக்கு அசையும், அவர் கண்ணும் அசைவைப் பிடிக்கும். ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதீர்கள். நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கும், மனம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். பார்க்க வேண்டியது முன்சக்கரம். உருளும் சக்கரத்தின் மேல்விளிம்பு காரின் வேகத்தைப்போல் இரு மடங்கில் நகர்கிறது, ஆகவே பாடி அசைவது தெரியும் முன்பே ரிம் சுழல்வது தெரிந்துவிடும். டயர் நம் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அவர் இன்னும் தயார்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்றையதில் விட்டுப்போனது: மழையில் மேலே சொன்ன 45 கணக்கு உதவாது. 35.

நவம்பர் 13, வியாழன்

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் போன் வைத்து ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2020 அக்டோபரிலிருந்து வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. இதே பிரிவு பைக்குக்கும் பொருந்தும் என்பதை, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறவர்கள் கவனத்துக்கு வைக்கிறோம்.

சட்டம் பிடிக்காத ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-ல் வெளியிட்ட ஆய்வில், காரிலும் போனிலும் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச்சிதறல் 27 நொடி வரை நீடித்தது. கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது, கண்ணும் சாலையில்தான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 27 நொடி என்றால் 300 மீட்டர். சிவப்பு விழுந்ததும் போனை எடுத்து, பச்சை விழுந்ததும் பக்கத்துச் சீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பும் காரிடமிருந்து, அடுத்த பஸ் நிறுத்தம் வரை விலகியே இருங்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

பின்னாலிருந்து இடிப்பவர்கள். ஊருக்குள் சிக்னலில் பைக்குகள் முன்னால் போய்க் குவிந்துவிடுவதால் இது குறைவு. நெடுஞ்சாலையில் வேகத்தடை, சுங்கச்சாவடி வரிசை, சர்வீஸ் ரோடு பிரியும் இடம், இங்கெல்லாம்தான் நடக்கிறது.

வேகத்தடைக்கு 50 மீட்டர் முன்பே பிரேக் லிவரை லேசாக இரண்டு மூன்று முறை தட்டுங்கள். வேகம் குறைய அல்ல, விளக்கு மின்ன. மின்னும் விளக்கு குனிந்திருப்பவரின் ஓரக்கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு. வரிசையில் நின்றால் முன்வண்டியின் நடுவுக்கு நேராக நிற்காதீர்கள், ஒரு மூலைக்கு நேராக, ஒரு பைக் நீளம் தள்ளி நில்லுங்கள். முதல் கியரில், கிளட்ச் பிடித்து, கண் மிரரில். பின்னால் ஒரு வண்டி வந்து நின்ற பிறகு நியூட்ரல் போடலாம்.

இத்தனையும் பிரேக் விளக்கு எரிந்தால்தான். சாவியைப் போட்டு, வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்துங்கள். முன் லிவரை மட்டும் பிடியுங்கள், பிறகு பின் பெடலை மட்டும் மிதியுங்கள். சுவர் இரண்டு முறையும் சிவக்க வேண்டும். முன் லிவருக்குக் கீழே உள்ள சின்ன சுவிட்ச் மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கிச் செத்துப்போகும், பெடலை மிதித்தால் விளக்கு எரிவதால் பலருக்கு அது தெரிவதே இல்லை. பெடல் சுவிட்ச் ஸ்பிரிங்கில் தொங்கும். பிரேக் ஷூ தேய்ந்து பின் பிரேக்கை டைட் செய்த பிறகு விளக்கு தாமதமாக எரிந்தாலோ எப்போதும் எரிந்துகொண்டே இருந்தாலோ, சுவிட்சின் நட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். பழைய வண்டிகளில் 12 வோல்ட் 21/5 வாட் பல்பு: 5 வாட் இழை டெயில், 21 வாட் இழை பிரேக். டெயில் எரிவதை வைத்து பிரேக்கும் எரியும் என்று முடிவு செய்துவிடக் கூடாது, இழை இரண்டும் தனித்தனி.

இன்னொன்று, பின்சீட்டில் கட்டிய மூட்டையும் உணவு டெலிவரி பையும் தொங்கி விளக்கை மூடுகின்றன. கட்டியபின் பத்தடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நவம்பர் 20, வியாழன்

'முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்' என்ற பயத்தில் காலை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள்தான் இன்னும் அதிகம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகி வழுக்குகிறது, பிடிமானம் இருப்பது முன்சக்கரத்தில். கீழே தள்ளுவது முன் பிரேக் அல்ல, அதை ஒரேயடியாக இறுக்குவதும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது இறுக்குவதும்தான்.

காலி மைதானத்தில் பழகுங்கள், ஆனால் தரை தார் அல்லது கான்கிரீட்டாக இருக்கட்டும், மணல் வேண்டாம். சுண்ணாம்பில் ஒரு கோடு. 30-ல் வந்து கோட்டில் பிரேக். முதலில் லிவரின் தொய்வை எடுத்து எடை முன்னால் இறங்க விடுங்கள், பிறகு இறுக்குங்கள். நின்ற இடத்தில் ஒரு கல். அந்தக் கல்லை எட்டும் முன்பே நிற்க முடிகிற வரை அதே 30, அப்புறம் 40. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஏ.பி.எஸ். இருந்தால் லிவர் துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டி வழுக்கினால் விட்டு, உடனே மறுபடி பிடிக்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

நிறுத்திய காரின் கதவு. கார் கதவு திறந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே வரும், ஆகவே நிற்கும் கார் வரிசையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, உள்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், அந்தக் கதவு திறக்கப்போகிறது. கார் வைத்திருப்பவர்களுக்கு: வலக்கதவை இடக்கையால் திறவுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும்.

நவம்பர் 24, திங்கள்

அடிபட்டவரைப் பார்த்தால். முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். போன் பார்ப்பவர் அந்தச் சாலையிலும் வருவார். 108-ஐ அழைக்கும்போது சாலையின் பெயர், எந்த ஊரை நோக்கிய பக்கம், பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல், இந்த மூன்றையும் சொல்லுங்கள். மூச்சு விட முடியாமல் திணறினால் தவிர ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் மெல்ல உருவ வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சைக்கு இடைஞ்சல். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின்படி நல்ல எண்ணத்தில் உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில், அரசே ஏற்கிறது.

மோதிய நேரத்தை நிமிடம் வரை குறித்து வையுங்கள், சாட்சி சொல்லும்போதும் அதையே சொல்லுங்கள். ஓட்டுநரின் அழைப்புப் பதிவைப் போலீஸ் வாங்கிப் பார்க்கும்போது ஒத்துப் பார்க்க அது வேண்டும். 'சுமார் ஏழு மணி' என்று எழுதினால் ஓட்டுநரின் வழக்கறிஞருக்குக் கொண்டாட்டம்.