ஆய்வேடு சமர்ப்பிக்கப் போகிறவர்களுக்கு

ஆய்வேட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் 10 சதவீதம் தாண்டிவிட்டால் கதை முடிந்தது என்று பலர் பதறுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் 10 வரை தண்டனையே இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், திருத்தித் தர அதிகபட்சம் ஆறு மாதம். 40க்கு மேல் 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடத் தர முடியாது. அதற்கும் மேல் பதிவே ரத்து.

மேற்கோள் குறிக்குள் ஆதாரத்தோடு தந்த வரிகள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை எதுவும் கணக்கில் வராது. நூலகத்தில் அந்த விலக்குகளைப் போடாமல் மென்பொருளை ஓட்டியிருந்தால் எண் வீங்கித்தான் நிற்கும். முதலில் அதைப் பாருங்கள். சொற்களை மட்டும் மாற்றிப்போட்டு எண்ணைக் குறைப்பது திருத்தமே அல்ல. கருத்து யாருடையதோ அவர் பெயர் அங்கே வர வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனித் தலைவலி எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் கண்ணுக்குத் தெரிவது 'அம்மா', உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்துகள். மென்பொருளால் ஒப்பிட முடியாது, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறினாலும் தேடலில் சிக்காது. முதல் இயலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். கடைசி வாரத்தில் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் கந்தலாகும்.

அப்புறம், இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம். பைண்டிங் அரை அங்குலத்தை விழுங்கிவிடும்.