ஒரே ஆசிரியரை நம்பிச் சாரணர் படை தொடங்க வேண்டாம்

வேலூர் வட்டாரத்தில் புதிய சாரணர் படை தொடங்குவது பெரிய காரியமில்லை. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், சம்மதிக்கும் தலைமை ஆசிரியர், காலியாகக் கிடக்கும் மைதானம், இவ்வளவு போதும். சிக்கல் இரண்டாம் ஆண்டில் வருகிறது. பொது மாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியர் பேரணாம்பட்டிலிருந்து அரக்கோணத்துக்குப் போய்விடுவார். கொடியும் கயிறும் பதிவேடும் பீரோவுக்குள் போகும். பிள்ளைகளின் ஆர்வம் அப்படியே இருக்கும், கூப்பிட மட்டும் ஆள் இருக்காது.

அதனால் ஒரு படைக்கு மூன்று பேரைச் சேர்த்தே பொறுப்பாளர் பயிற்சிக்கு அழைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பள்ளி ஆசிரியர் ஒருவர், அதே ஊரில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் அல்லது முன்னாள் மாணவர் ஒருவர், பெற்றோரில் ஒருவர். ஆசிரியர் அனுமதியையும் பதிவையும் பார்த்துக்கொள்வார். மாணவர் விளையாட்டையும் திறன் பயிற்சியையும் நடத்துவார். பெற்றோர் வீடு வீடாகப் பேசுவார், வெளியே போகும்போது உடன் வருவார். சாரணியர் படை என்றால் பொறுப்பாளர்கள் பெண்களாக இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெற்றோரில் பலர் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை வார நாளில் கூப்பிட்டால் வர முடியாது. ஞாயிறு வைத்தால் வருவார்கள்.

பொறுப்பாளர் பயிற்சியின் முறையான பாதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு நாள் அறிமுகப் பயிற்சி, ஏழு நாள் பேசிக் கோர்ஸ் என்ற அடிப்படைப் பயிற்சி, பிறகு அட்வான்ஸ்டு கோர்ஸ் என்ற மேல்நிலைப் பயிற்சி, அதற்கப்புறம் ஹிமாலயா உட் பேட்ஜ் என்ற உயர் தகுதி. ஆனால் தினக்கூலி வாங்கும் பெற்றோரால் ஏழு நாள் முகாமுக்கு வர முடியாது. அவர்களுக்காக உள்ளூரிலேயே இரண்டு ஞாயிறு பயிற்சி வையுங்கள், நடுவில் மூன்று வாரம் இடைவெளி விட்டு. முதல் ஞாயிறு கற்றதை அந்த மூன்று வாரத்தில் பிள்ளைகளோடு செய்து பார்த்துவிட்டு, எங்கே இடித்தது என்ற கேள்விகளோடு அவர்கள் திரும்பி வர வேண்டும். அதன்பின் நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரக் கூட்டங்களுக்குப் பயிற்சியாளர் நேரில் போய் உட்கார வேண்டும். பயிற்சியில் பாதி வேலை இந்த மூன்று வருகைகளில்தான் நடக்கிறது.

பயிற்சி நாளில் நாற்காலி போட்டு வரலாறு சொல்லத் தொடங்கினால் மதியத்துக்குள் பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமைப் பற்றி ஐந்து நிமிடம் போதும். அதிலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அவர் சுமார் இருபது பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். வந்தவர்களையும் அப்படியே ஆறு ஆறு பேராக அணி பிரித்து, அணித்தலைவர் மூலமாகவே எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள்.

அணி முறை வாயளவில் எல்லோருக்கும் தெரியும். செயலில்தான் நழுவுகிறது. புதிய தன்னார்வலர் 24 பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, தானே முடிச்சு போட்டுக் காட்டுவார். பின்வரிசைக்கு எதுவும் தெரியாது, பேச்சு கிளம்பும், அவர் விசிலை எடுப்பார். அடுத்த வாரம் எட்டுப் பேர் வரமாட்டார்கள். இதைத் தவிர்க்க, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் அணித்தலைவர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுங்கள். மறுநாள் அவரவர் அணிக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கட்டும், தப்பாகச் சொன்னாலும் உடனே குறுக்கிடாமல்.

படையும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஒரு படைக்கு 32 பேர் என்பது உச்ச வரம்பு, இலக்கு இல்லை. ஜூனில் எட்டுப் பேரோடு தொடங்கி, ஆறு வாரம் அவர்களை மட்டும் பழக்கி, பிறகு அவர்களை அணித்தலைவர், துணைத்தலைவர் ஆக்கி மற்றவர்களைச் சேருங்கள். ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு முழுச் சீருடையில் முப்பது பேர் வேண்டும் என்று பள்ளியில் கேட்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். சேர்ந்ததும் உறுதிமொழிக்குத் தயாராகும் பிரவேஷ் என்ற முதல் நிலைக்கே மூன்று மாதம் உண்டு. உறுதிமொழி எடுக்காத பிள்ளைக்கு ஸ்கார்ஃப் கட்டி நிறுத்தினால் பிறகு உறுதிமொழி விழாவுக்கு மதிப்பே இருக்காது. சீருடைச் செலவையும் அதுவரை தள்ளிப்போடலாம்.

கொடியேற்றத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு கொடி விரியாமல் மேலே மாட்டிக்கொள்வது. மடித்த கொடியைச் சுற்றியபின் கயிற்றின் நுனியையே உள்ளே நுழைத்துவிடுகிறார்கள். இழுக்க இழுக்க அது இறுகும். நுனியை வெளியே விட்டு, கயிற்றை வளையமாக மடித்து அந்த வளையத்தை மட்டும் செருகினால் ஓர் இழுப்பில் அவிழும். இறைவணக்கப் பாடல் 90 விநாடி, கொடிப்பாடல் 45 விநாடி. இழுத்துப் பாடும் பழக்கம் முதல் வாரத்திலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு ஆளுக்கு மூன்று மீட்டர், சுண்டுவிரல் பருமன், பருத்தியாக இருந்தால் நல்லது. வழவழப்பான நைலானில், இரண்டு நுனிகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் நாட் முடிச்சு நழுவும், பிள்ளை தான் போட்டது தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

திசை அறிவதில்தான் வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே ஒப்பிக்கும் தவறு அதிகம். கைக்கடிகாரத்தின் சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேராக வைத்து, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்பது இங்கிலாந்துக்குச் சரி. வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களிலும் சூரியன் உயரத்தில் போவதால் இந்த முறை நம்பத்தக்கதில்லை. இதற்குப் பதில் நிழல் முறையைக் கற்றுக்கொடுங்கள். ஒரு மீட்டர் குச்சியை நட்டு, கல் கட்டிய நூலால் செங்குத்து பாருங்கள். காலை பத்து மணிக்கு நிழல் நுனியில் ஒரு கல் வைத்து, அந்த நீளத்துக்குக் கயிறு பிடித்துக் குச்சியைச் சுற்றி வட்டம் போடுங்கள். பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும். அங்கே இரண்டாவது கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. பயிற்சி நாளின் நீளத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

துருவ நட்சத்திரமும் இங்கே தாழ்வாகத்தான் தெரியும். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே. வடக்கே ஒரு குன்றோ மாடி வீடோ இருந்தால் மறைந்துவிடும், ஆகவே முகாமுக்கு இடம் பார்க்கும்போதே வடக்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படைக் கூட்டங்களின் நேரம் குறித்து ஒரு வார்த்தை. மார்ச்சிலிருந்தே மதிய வெயில் வேண்டாம், காலை ஏழு மணி அல்லது மாலை நாலரைக்கு மேல். ஜும்மா தொழுகைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள இடத்தில் வெள்ளி மதியத்தைத் தவிர்க்க வேண்டும். குடியாத்தத்தில் கெங்கையம்மன் திருவிழா நாட்களில் முகாம் அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். அமிர்தி, ஜவ்வாது மலைக் காட்டுப் பகுதிகளுக்குப் போக வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். வெளியே போனால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அதில் ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா இருக்கிறதா என்ற கேள்வியும் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பிள்ளைகளுக்கே சொல்லி வையுங்கள்.

மார்ச் மாதம், தேர்வு நெருக்கடிக்கு முன்பே, ஒப்படைப்பு நோட்டு ஒன்றை ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூவரும் சேர்ந்து எழுத வேண்டும். உறுப்பினர் பட்டியல், யார் எந்த நிலை முடித்திருக்கிறார், பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள், வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை, பீரோ சாவி யாரிடம். ஒரு பிரதி பள்ளியிலும், இன்னொன்று ஊரிலேயே இருக்கும் மாணவரிடமும், மூன்றாவது சாரணர் அமைப்பின் மாவட்டச் செயலரிடமும் இருக்கட்டும். ஜூனில் புது ஆசிரியர் வந்ததும் முதல் வாரத்திலேயே அந்த மாணவரும் பெற்றோரும் அவரைப் போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.