மீனுக்குப் பூச்சி மருந்து: கொளத்தூரிலிருந்து வேப்பேரி வரை

ஏஞ்சல் மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல் போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறதா? மீன் ஓரிடத்தில் நிற்கும்போது வெளியே வந்து, நகர்ந்ததும் உள்ளே போய்விடுகிறதா? அப்படியானால் அது கேமலானஸ் புழு. மீனின் கழிவு உள்ளே வெளியே போய் வராது. வைத்தியமும் மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்: ஃபென்பெண்டசோலைத் தீனியில் கலந்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் லெவமிசோலைத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். இவ்வளவு தெளிவான ஒரு விஷயத்துக்கு இந்தச் சென்னையில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மீன் வாங்கிய கொளத்தூர் கடையிலேயே முதலில் கேட்டேன். "பயப்படாதீங்கக்கா, இதை நாலு சொட்டு விடுங்க" என்று நீல பாட்டிலை எடுத்து வைத்தார். மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்து. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுவுக்கு அது வெறும் நீலத் தண்ணீர். வேண்டாம் என்றதும் உப்புப் பாக்கெட் வந்தது. அந்தக் கடையில் எந்த நோயைச் சொன்னாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். என் மீன்கள் வந்த அதே தொட்டியில் மிச்சமிருந்த ஏஞ்சல்களுக்கும் பின்னால் சிவப்பாகத் தெரிந்தது. காட்டினேன். "அது பிளட்வார்ம் சாப்பிட்டதுக்கா" என்று, தீனியாகப் போடும் சிவப்புப் புழுவின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குக் கவர் கட்டப் போய்விட்டார்.

அப்புறம் எங்கள் பெரம்பூர் வீட்டருகே ஒரு மெடிக்கல் ஷாப். ஃபென்பெண்டசோல் என்று எழுதியே காட்டினேன். "பூச்சி மாத்திரைதானே மேடம்" என்று அல்பெண்டசோல் 400 எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அதுதான். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அளவு தெரிந்தது ஃபென்பெண்டசோலுக்குத்தான். "குழந்தைக்கு வயசு என்ன?" என்றார். மீனுக்கு என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்ததைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

சரி, முறைப்படியே போவோம் என்று ஒரு கால்நடை கிளினிக்குக்குப் போனால், பதிவுச்சீட்டில் நாய், பூனை, பறவை, இதர. இதர என்ற இடத்தில் மீன் என்று எழுதியதும் கவுண்டரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பிராணியைப் பார்க்காம டாக்டர் எழுத மாட்டாரு. கொண்டு வந்திருக்கீங்களா?" இல்லை. இன்னொரு நாள் மீனைக் கவரில் போட்டு, காற்றடைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அன்றைக்கு லீவு. முந்தின நாள் போன் செய்து கேட்டபோது "வாங்க, வாங்க" என்று சொன்னதும் அதே கவுண்டர்தான்! மே மாத வெயிலில் ஒரு நோயாளி மீனை இப்படி அலைக்கழித்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தது செல்போன். தொட்டி விளக்கை மட்டும் போட்டுவிட்டு, மீன் பக்கவாட்டில் நிற்கும்போது மிக அருகில் வைத்து எடுத்த வீடியோ. வேறொரு டாக்டர் அதைப் பார்த்ததும் "கேமலானஸ்" என்றார். சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஆகவே மீனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வீடியோவைக் கொண்டுபோங்கள்.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள பகுதியில் கால்நடை மருந்துக்கடைகள் இருக்கின்றன. அங்கேயும் அட்டையைப் படிக்காமல் வாங்கக் கூடாது. முதலில் கொடுத்தது நாய்களுக்கான கூட்டு மாத்திரை, பிராசிகுவாண்டலும் சேர்ந்தது. அது நாடாப்புழுவுக்கான மருந்து, இங்கே வேலை இல்லை. லெவமிசோல் கேட்டால் ஆடுமாடுகளுக்கான பெரிய பாட்டில், அதில் ஆக்ஸிக்ளோசனைடு என்ற இன்னொரு மருந்தும் கலந்திருந்தது. திருப்பிக் கொடுத்தேன். தனி ஃபென்பெண்டசோல் 150 மில்லிகிராம் மாத்திரையும், கோழிகளுக்கான தனி லெவமிசோல் பொடியும் கிடைத்தபோது லாட்டரி அடித்த சந்தோஷம்.

கணக்கு எளிது. தீனியின் எடையில் 0.25 சதவீதம் ஃபென்பெண்டசோல், அதாவது 100 கிராம் தீனிக்கு 250 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்றால் 60 கிராம் தீனி. மாத்திரையைத் தராசில் வைத்துப் பார்க்காதீர்கள். அதில் மாவும் சேர்ந்திருக்கும். அட்டையில் போட்டிருக்கும் மில்லிகிராம்தான் கணக்கு. "தொட்டியிலேயே போட்டுடுங்க, கரைஞ்சிடும்" என்று மருந்துக்கடைப் பையன் யோசனை சொன்னான். ஃபென்பெண்டசோல் தண்ணீரில் கரையவே கரையாது, வெள்ளையாக அடியில் படியும். அதனால்தானே தீனியில் கலப்பதே.

மருந்தும் தீனியும் ஒட்டிக்கொள்ள எங்கும் ஜெலட்டின் சேர்க்கத்தான் சொல்கிறார்கள். குளிர்ந்த ஊருக்கு அது சரி. மே மாதச் சென்னையில் ஹீட்டர் இல்லாமலே தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் ஜெலட்டின் கொழகொழத்துப் போய், மருந்து மீன் வாய்க்குப் போவதற்குள் தண்ணீருக்குப் போய்விடும். கடல்பாசிதான் (அகர் அகர்) நமக்குத் தோது. பெல்லட் தூளும் அரைத்த இறாலும் சம அளவு, தண்ணீரில் கொதிக்கவைத்த கடல்பாசித் தூள் ஒரு கிராம், எல்லாம் சேர்ந்து 60 கிராம். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பொடித்த மாத்திரை. உடனே நன்றாகக் கிளற வேண்டும். கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே போனதும் காத்திருக்காமல் உறைந்துவிடும். தட்டில் மெல்லிசாகப் பரப்பி, கடுகளவுத் துண்டுகளாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்தேன். மிக்ஸி ஜார் பற்றி ஒரு எச்சரிக்கை: தனி ஜார் வாங்கிவிடுங்கள். "இனிமே அதுல சட்னி அரைக்க மாட்டேன்" என்று அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது.

மூன்று நாள் வேறு தீனி எதுவும் இல்லாமல் இதை மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று. ஏஞ்சல்கள் முதலில் வாயில் வாங்கி, மென்று, என்னைப் பார்த்துக்கொண்டே துப்பின. ஒரு நாள் பட்டினி போட்டேன். பூண்டுச் சாறு இரண்டு சொட்டு விட்டேன். அதற்குப் பிறகு விழுங்கின. துப்பிய துண்டுகளை அப்படியே விடாமல் உடனே எடுத்துவிட வேண்டும். நத்தை வளர்ப்பவர்கள் நத்தையை முதலிலேயே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது, இந்த மருந்து அவற்றுக்கு ஆகாது.

மருந்துத் தீனியின் பெரிய ஓட்டை இதுதான்: நோய் முற்றிய மீன் சாப்பிடாது, சாப்பிடாத மீனுக்கு மருந்து போகாது. வயிறு ஒட்டிப்போன ஒரு ஏஞ்சலைத் தனித் தொட்டியில் விட்டு லெவமிசோல் கொடுத்தேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், பிறகு தண்ணீர் மாற்றம். பொடியில் மருந்து எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். மறுநாள் காலை அடியில் சுருண்டு கிடந்த புழுக்களைப் பார்த்தபோது அருவருப்பும் ஆனந்தமும் ஒன்றாக வந்தது. அந்த மீன் பிழைத்துக்கொண்டது. அதைவிடச் சின்னது ஒன்று பிழைக்கவில்லை.

இடுக்கியால் புழுவைப் பிடித்து இழுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது, குடல் கிழிந்துவிடும். மருந்து கொடுக்கும் நாட்களில் சைஃபன் குழாயை மட்டும் கையில் வைத்திருங்கள். கேமலானஸ் முட்டையிடாது, குட்டிகளாகவே போடும். வெளியே விழுந்த பெண்புழுவிலிருந்து வரும் குட்டிகளை மீன்கள் மறுபடி தின்றால் பழைய கதைதான். ஆகவே அடிமணலை தினமும் உறிஞ்சி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள்.

ஒரே வலையைப் பல தொட்டிகளில் முக்கியிருந்தால் அந்தத் தொட்டிகளையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். என் கப்பி மீன்களிடம் சிவப்பு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் இரண்டாவது சுற்றில் அவற்றுக்கும் போட்டேன். அவை ஒரு துண்டைக்கூடத் துப்பவில்லை.