செத்த பிறகு ஏறும் விலை
மார்க் ட்வைன் 1898இல் எழுதி, 2003 வரை அச்சேறாமலே கிடந்த 'இஸ் ஹி டெட்?' நாடகத்தைப் படித்தேன். பிரான்ஸில் கடனில் கழுத்துவரை மூழ்கிய ஓவியர் மில்லே, ஆள் போய்ச் சேர்ந்தால்தான் படத்துக்கு விலை ஏறும் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, செத்ததாகக் கதை கட்டிவிட்டு, கவுன் மாட்டிக்கொண்டு தன் இரட்டைச் சகோதரியாக வந்து நிற்கிறார். தன் சவ ஊர்வலத்தையே பார்க்கிறார்! சிரித்து மாளவில்லை.

அப்புறம்தான் வயிறு எரிந்தது. மில்லே நிஜ மனிதர். அவர் 1,000 பிராங்க் அளவுக்கு விற்ற 'ஏஞ்சலஸ்' ஓவியம், அவர் இறந்து 14 வருடம் கழித்து, 1889 ஏலத்தில் 5 லட்சம் பிராங்கைத் தாண்டியது. குடும்பத்துக்குக் காலணா பங்கில்லை. மறுவிற்பனையில் கலைஞர்களுக்குப் பங்கு தரும் சட்டம் அங்கே 1920இல்தான் வந்தது.