தொதலும் இனிப்பு மாத்திரையும்

2024 மே 4

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் மண்டபத்து விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. ஜூன் 14 வரை என் வீட்டுக்காரர் வீட்டில்தான். அதனால் டீயும் பலகாரமும் கூடிவிட்டன. சுகர் வந்த பிறகு இவர் டீயில் சீனி கிடையாது, சுக்ரலோஸ் என்ற மாற்று இனிப்பு மாத்திரைதான். ஆனால் கூடவே நாத்தனார் கீழக்கரையிலிருந்து கொடுத்தனுப்பிய தொதல், கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டிய அல்வா மாதிரி பலகாரம். "மாத்திரை போட்ட டீ குடிக்கிறேன்ல, சரிக்கட்டிரும்" என்கிறார். இங்கே பலர் இப்படி நம்புவதைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

மே 7

தொதலுக்கு முன் இவர் ரத்தத்தில் சுகர் 132. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 236. அந்த நேரத்தில் 180க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு.

மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். மாத்திரையால் டீயில் போயிருக்க வேண்டிய சீனி மிச்சம், அவ்வளவுதான். தொதலில் இருக்கும் கருப்பட்டியையும் அரிசி மாவையும் அது தொடுவதே இல்லை. அவை குடலில் உடைந்து குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

மே 8

அத்தைக்கு வருத்தம். "கருப்பட்டி உடம்புக்கு நல்லதுத்தா, சீனிதான் கெடுதல்" என்றார். கருப்பட்டியில் தாது உப்புகள் இருப்பது உண்மை. பனை ஏறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறவர்களின் பாடும் எனக்குத் தெரியும். ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சரக்கு. சுகர் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மே 19

சீனியோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்த மாற்று இனிப்புகள் ஏதாவது செய்யுமா என்று தேடிப் படித்தேன்.

2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. சுகர் இல்லாத, உடல் பருமனான 17 பேருக்கு முதலில் சுக்ரலோஸ், பத்து நிமிடம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ். வெறும் தண்ணீர் குடித்துவிட்டுக் குளுக்கோஸ் எடுத்த நாளைவிட, சுக்ரலோஸ் எடுத்த நாளில் ரத்தத்தில் குளுக்கோஸின் உச்ச அளவு கொஞ்சம் கூடியது, இன்சுலினும் சுமார் 20 சதவீதம் அதிகம் சுரந்தது. வேறு சோதனைகளில் மாற்றமே தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் தின்ற சீனியை அது இறக்கவில்லை.

அராபினோஸ் என்ற மாற்று இனிப்பு வேறு வகை. சுக்ரோஸை உடைக்கும் சுக்ரேஸ் என்ற நொதியையே அது மந்தமாக்குகிறது. சீனித் தண்ணீரில், சீனியின் எடையில் 4 சதவீதம் அளவுக்கு அதைக் கலந்தபோது குளுக்கோஸ் உச்சம் 11 சதவீதம் குறைந்ததாக 2011 ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆனால் மாவுச்சத்தும் கலந்த சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தொதலில் அரிசி மாவும் உண்டே.

மே 28

சுகருக்கு டாக்டர் இவருக்குக் கொடுத்த மருந்து மாத்திரை அட்டையைப் படித்தேன். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் ஒன்றாக. வோக்லிபோஸ் வேலை செய்வதும் அதே சுக்ரேஸ் மேல்தான்! உடனே டாக்டரிடம் போனோம்.

கிளிமெபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் இறங்கிவிடும்: வேர்வை, கை நடுக்கம், படபடப்பு. அப்போது சீனியோ கருப்பட்டியோ வாயில் போட்டால், வோக்லிபோஸ் அதை உடையவிடாமல் தாமதப்படுத்தும். நேரடியாகக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும், அதற்கு உடைபடும் வேலையே இல்லை. கடலில் வலை இழுக்கும் நேரத்தில் யார் வேளைக்குச் சாப்பிடுகிறார்கள்? இவர் பையில் இத்தனை நாளும் இருந்தது கருப்பட்டித் துண்டு.

ஜூன் 13

நாளையோடு தடை முடிகிறது. கரை முழுக்க ஐஸ், டீசல், வலை என்று ஒரே பரபரப்பு. குளுக்கோஸ் பாக்கெட்டுகளை ஈரம் படாத டப்பாவில் போட்டு, படகு டிரைவரிடமே கொடுத்தேன். மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, அப்புறம் சோறு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் சொன்னேன்.

"டீயில போடுற மாத்திரையும் இனிப்புத்தானேக்கா, அவசரத்துக்கு அதக் கரைச்சுக் குடுத்தா?" என்று கேட்டார். ஆகாது தம்பி, இனிப்பு நாக்கோடு சரி, அது சுகரை ஏற்றாது என்றேன். டப்பா மேல் பெரிய எழுத்தில் 'குளுக்கோஸ்' என்று எழுதி ஒட்டிக்கொண்டார். இனிப்பு மாத்திரையைப் படகுக்குக் கொடுத்துவிடவே இல்லை.