அகலப்படுத்தும் முன் சந்திப்பைப் பாருங்கள்

நெரிசல் என்றாலே சாலை அகலப்படுத்தத்தான் நிதி கேட்கிறோம். திருநெல்வேலியில் வண்டிகள் தேங்குவது பெரும்பாலும் சந்திப்பிலும் ரயில்வே கேட்டிலும்தான்.

ஒரு சிக்னலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி, அகலத்தை மீட்டரில் எடுத்து 525ஆல் பெருக்கினால், பச்சை விளக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் எத்தனை கார் அலகுகள் (எல்லா வண்டிகளையும் காருக்குச் சமமாக மாற்றிய எண்ணிக்கை) கடக்கும் என்பது கிடைக்கும். 7 மீட்டருக்கு 3,675. 120 விநாடிச் சுற்றில் 30 விநாடி பச்சை என்றால் கிடைப்பது அதில் கால் பங்கு, ஏறக்குறைய 920. சந்திப்பின் முகப்பிலேயே பேருந்து நின்று ஆள் ஏற்றி, ஆட்டோக்களும் ஒன்றரை மீட்டரைப் பிடித்துக்கொண்டால் 720தான். பின்னால் நான்கு வழிச்சாலையே போட்டாலும் இந்த 720 கூடாது. நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி 60 மீட்டராவது தள்ளி, ஒதுங்கி நிற்க இடம் வெட்டிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முதல் பணம் அங்கேதான் போக வேண்டும்.

வாகனக் கணக்கெடுப்பு 7 நாள், 24 மணி நேரமும் நடக்க வேண்டும். பேருந்துக்கு 3, பைக்குக்கு 0.5, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5 அலகு. எந்த வாரத்தில் எண்ணுகிறோம் என்பது அதைவிட முக்கியம். பாளையங்கோட்டை முழுக்கப் பள்ளி, கல்லூரிகள். மே மாதம் எண்ணினால் சாலை காலியாக இருப்பதாகத்தான் வரும். தென்காசி சாலையில் குற்றால சீசனில் எண்ணினால் கணக்கு வீங்கிவிடும்.

ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்பதற்கு, ஒரு நாளில் போகும் ரயில்களையும் வாகன அலகுகளையும் பெருக்கி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வேயும், இருபுறச் சரிவுப்பாதையை மாநில நெடுஞ்சாலைத் துறையும் கட்டுவதே வழக்கம். சிக்கல் சரிவுப்பாதையில்தான் வரும். அதற்கு நிலம் எடுக்க வேண்டும்: 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 15(2) பிரிவில் நில உரிமையாளருக்கு அறிவிப்பு, ஆட்சேப விசாரணை, பிறகு 15(1) பிரிவில் நிலத்தை எடுக்கும் அரசாணை. இதற்குள் பட்டா உட்பிரிவும் முடிய வேண்டும். சர்வீஸ் ரோட்டுக்கான நிலத்தைத் தொடக்கத்திலேயே சேர்க்காவிட்டால் இதே வேலையை இரண்டாம் முறை செய்ய நேரிடும். குலவணிகர்புரம் கேட்டில் காத்துக் கிடந்த ஆம்புலன்ஸுக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் உயிர்ப் பிரச்சினை. அதனால் நிலத்துக்கான தொகையைப் பாலத்தின் தொகைக்கு முன்பே ஒதுக்குங்கள்.

மின்கம்பம், குடிநீர்க் குழாய் மாற்றும் செலவும் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். மின்வாரியத்துக்கு டெபாசிட் கட்டாமல் வேலையைத் தொடங்கினால் புதுத் தாருக்கு நடுவில் கம்பம் நிற்கும். இரவில் பைக்கில் வருபவர் அதில்தான் மோதுவார்.